புகையடிக்க மறுத்த பானு அக்காவுக்கு

ஜாலான் புசார் வெண்சுடர் துப்புரவுச் சேவை நிறுவனத்தின் செயல்பாட்டு மேலாளர் திருமதி சாயிரா பானு அவர்கள் பணி ஓய்வு பெறும் இந்நன்னாளில், உடன் உழைத்தோர் உவந்தும் உள்ளம் நொந்தும் படைக்கும் மடல்.

அழுக்கை அகற்றுவதில் அயராதவரே! கையுறை கிழிந்தாலும் கொள்கை கிழியாதவரே! மேலாளருக்கென்று மெத்தை நாற்காலி ஒன்று இருந்தும், மாப் வாளியின் அருகிலேயே முப்பது ஆண்டுகள் முகாமிட்டவரே! எங்கள் பொறுமையைச் சோப்புக்கட்டியாய் எண்ணி, நாள்தோறும் தேய்த்துத் தேய்த்துக் கரைத்த பெருமாட்டியே! எங்கள் வணக்கமும் சலாமும் உங்களுக்கு உரியன ஆகுக.

இந்த மடலை எழுதும் பொறுப்பு மேற்பார்வையாளர் வைதேகியாகிய என்மேல் விழுந்தது. நல்ல தமிழில் எழுது, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று முதலாளி சுப்பிரமணியம் ஐயா சொன்னார். மற்ற இடங்களில் வாசித்த மடல்கள் சிலவற்றைத் தேடிப் படித்தேன். மாறாத புன்னகை, கோபம் அறியாக் குணம், எவரையும் நோகடிக்காத இன்சொல் என்றே எல்லாவற்றிலும் எழுதியிருந்தார்கள். அக்கா, இவற்றில் ஒன்றுகூட உங்களிடம் இல்லை என்பது இந்த அரங்கில் பிரியாணிக்காகக் காத்திருக்கும் அனைவருக்கும் தெரியும். ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதியிருக்கிறேன். சட்டத்துக்குள் அடங்குமா என்பது சட்டம் போடுபவரின் கவலை.

கொவிட்டுக்கு முந்திய நம் தொழிலை இப்போது நினைத்தால் வேறு யாரோ செய்த வேலைபோல் இருக்கிறது. அலுவலகத்தார் வீடு திரும்பிய பிறகு நாம் நுழைவோம். அவர்கள் மீண்டும் வருவதற்குள் மறைவோம். தரை மின்ன வேண்டும், குப்பைக்கூடை காலியாக வேண்டும், காற்றில் எலுமிச்சை வாசம் வீச வேண்டும். இவற்றைச் செய்த ஆள் மட்டும் எவர் கண்ணிலும் படக் கூடாது. அப்படிப் படாமல் இருப்பதே நல்ல துப்புரவின் இலக்கணம் என்று வாடிக்கையாளர்கள் நம்பினார்கள், நாமும் நம்பினோம்.

பிறகு தொற்று வந்தது. கதவுக் கைப்பிடியும் மின்தூக்கிப் பொத்தானும் சில வாரங்களிலேயே ஊரை அச்சுறுத்தும் பொருள்களாகின. மூச்சுவிட நேரமின்றி நம் அலுவலகத் தொலைபேசி அலறியது. வெள்ளை அங்கியும் முகக்கவசமும் அணிந்து, முதுகில் மருந்துக் கலனைச் சுமந்து, கையில் துப்பாக்கிபோன்ற குழாயைப் பிடித்து, கிருமிநாசினியைப் புகையாகப் பீய்ச்சும் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. எல்லாரும் தயங்கி நின்றபோது முன்னால் வந்தவர் நம் பூவம்மா.

சுவா சூ காங்கில் வசிக்கும் பூவம்மாவை இங்கே அறியாதவர் இல்லை. பானு அக்காவைவிட மூத்தவர், பல ஆண்டுகளாக அங்காடிக் கழிவறைகளைத் துடைத்தவர். அந்த அங்கியை அணிந்து அவர் நுழைந்தால் கூட்டம் தானாகப் பிளந்து வழிவிட்டது. வாட்டசாட்டமான கோட்டுப் போட்ட ஆடவர்கள் சுவரோடு ஒட்டி நின்று அவருக்கு நன்றி சொன்னார்கள். யாரோ எடுத்த ஒரு படத்தை அவர் மகன் தம் கைப்பேசியின் முகப்பில் வைத்துக்கொண்டார். பூவம்மா அந்த நாள்களில் நடந்த நடையே வேறு.

அந்தப் பரபரப்பிலும், பெருமையிலும், எங்களைப் பிடித்து நிறுத்திப் பாடாய்ப் படுத்தியவர் நீங்கள். அதிகாரிகளின் வழிகாட்டுதல் தெளிப்பதைவிடத் துடைப்பதைத்தான் முன்னால் வைக்கிறது என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னீர்கள். முதலில் சோப்புத் தண்ணீர், அடுத்து மருந்து, மருந்து தன் வேலையை முடிக்கும்வரை மேசை ஈரமாக இருக்க வேண்டும், அதன் பின்பே அடுத்த மேசை. காயும்வரை கைகட்டிக் காத்திருந்த எங்களைப் பார்த்து வாடிக்கையாளர்கள், சும்மா நிற்கிறார்கள் என்று புகார் செய்தார்கள். அந்தப் புகார்களுக்கெல்லாம் பதில் சொன்னவள் நான். கழிவறைக்குச் சிவப்புத் துணி, உணவு மேசைக்குப் பச்சைத் துணி என்று பிரித்துவைத்து, மாற்றி எடுத்தவரை எல்லார் முன்னிலையிலும் நிற்கவைத்தீர்கள். ஓட்டுநர் இம்ரானின் வேனில் ஒரு துணி நிறம் மாறிக் கிடந்ததற்காக அவருடைய நோன்புப் பெருநாள் விருந்திலேயே அதைப் பற்றிப் பேசினீர்கள். அவர் மாமனார் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார், இம்ரான் சிரிப்பதில்லை.

தொற்று தணிந்தது, முகக்கவசம் கழன்றது. எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எண்ணினோம். ஆனால் மக்களுக்குப் புகை பழகிவிட்டது. துடைத்தீர்களா என்று கேட்க ஆளில்லை. புகையடித்தீர்களா என்று மட்டும் கேட்டார்கள். சிராங்கூன் சாலை நகைக்கடைக்காரர் ஒருவர், கண்ணாடிப் பெட்டிகளின்மேல் படாமல் மற்ற இடமெல்லாம் அடிக்கச் சொன்னார். வாடிக்கையாளர்கள் முழு நாளும் விரல் வைத்து அழுத்தும் இடம் அந்தக் கண்ணாடிப் பெட்டி ஒன்றுதான். துணைப்பாட நிலையம் ஒன்றில், பெற்றோர் பிள்ளைகளை அழைத்துப்போக வரும் நேரம் பார்த்து அடிக்கச் சொன்னார்கள். நம் விற்பனைப் பிரிவு ஜெய் இந்த ஆசையை நன்றாகப் புரிந்துகொண்டு, வாசலில் ஒட்டும் வில்லையோடு சேர்த்து ஒரு புகையடிப்புத் திட்டம் வகுத்து, அதற்கு ‘வெண்முகில்’ என்று பெயரும் சூட்டினார். அழகான பெயர், அழகான வில்லை. நீங்கள் அதை ஒரே கூட்டத்தில் கொன்றீர்கள்.

“கஸ்டமர் கேக்கிறதத்தானே நம்ம விக்கிறோம் லா அக்கா,” என்றார் ஜெய்.

“அவங்க கேக்கிறது சுத்தம். நீ விக்கிறது வாசம்,” என்றீர்கள்.

ஜெய் அந்த வாரம் முழுவதும் உங்களோடு சாப்பிட வரவில்லை. நாங்களும் அவர் பக்கம்தான் இருந்தோம் என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

ஆனாலும் ஓர் இடத்தில் மட்டும் நீங்கள் விட்டுக்கொடுத்திருந்தீர்கள். நம் பெரிய வாடிக்கையாளரான அந்தத் தங்கும் விடுதி, தொற்றுக் காலத்து ஒப்பந்தத்தின்படியே வரவேற்புக் கூடத்தில் மாலைதோறும் புகையடிக்க வேண்டும் என்றது. விருந்தினர்கள் பெட்டிகளோடு வந்து இறங்கும் வேளையில் அடிக்க வேண்டும் என்பது அதன் மேலாளர் கவிப்ரியாவின் விருப்பம். ஒப்பந்தம் முடியும்வரை என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டீர்கள். பூவம்மா அங்கே ராணியாக இருந்தார். வெளிநாட்டார் அவரைக் காணொளி எடுத்தார்கள்.

அவருக்கு இருமல் இருந்தது எங்களுக்குத் தெரியும். எத்தனை நாளாக என்பது தெரியாது. மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு சமாளித்திருக்கிறார். ஒரு மாலை, கூடத்தில் பாதி அடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே பெட்டிகள் ஏற்றும் தள்ளுவண்டியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு விசில்போல வந்தது. நான் உங்களை அழைத்தேன். ஜாலான் புசார் அலுவலகத்திலிருந்து நடந்தே வந்து, அவர் தோளிலிருந்து கலனைக் கழற்றப் போனீர்கள். அவர் வாரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மூச்சு வாங்கும் ஒரு பெண்ணிடமிருந்து நீங்கள் அதை இழுத்துப் பிடுங்கியதை விருந்தினர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். அதையும் யாரோ காணொளி எடுத்தார்கள்.

மருத்துவர், காரணம் அந்த மருந்துதான் என்று உறுதியாகச் சொல்லவில்லை. இனி அந்த ஆவியைச் சுவாசிக்காமல் இருப்பது நல்லது என்று மட்டும் சொன்னார். எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது; வேறொருவரை அமர்த்தினால் தீர்ந்தது. முதலாளியும் அதைத்தான் சொன்னார்.

“பூவம்மாவுக்குப் பதிலா வேற ஆளைப் போட்டா என்ன பானு?”

“அந்த வேற ஆளுக்கு நுரையீரல் இல்லையா பாஸ்?”

கலனில் வெறும் தண்ணீரை ஊற்றி அடிக்கலாமே, யாருக்குத் தெரியப்போகிறது என்று ஜெய் மெல்லச் சொன்னார். நீங்கள் பார்த்த பார்வையில் அவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார். மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு விடுதிக்குப் போனீர்கள். இனி புகை இல்லை, அதே நேரத்தில் இரண்டு பேர் கூடத்தின் மேசைகளையும் பொத்தான்களையும் கைப்பிடிகளையும் முறைப்படி துடைப்பார்கள் என்று கவிப்ரியாவிடம் சொன்னீர்கள். அவர் கெட்டவர் இல்லை. தேநீர் வரவழைத்தார், பூவம்மாவைப் பற்றி விசாரித்தார். தண்ணீர் யோசனையை நாங்கள் சொல்லவில்லை; அவராகவே அங்கே வந்து சேர்ந்தார்.

“உள்ள என்ன ஊத்துறீங்கன்னு நான் கேக்கல மேடம். கெஸ்ட் பாக்கணும், அவ்வளவுதான். துணியோட ஒருத்தர் நிக்கிறதப் பாத்தா இங்க ஏதோ அழுக்கா இருக்குன்னு நினைப்பாங்க.”

தேநீரைக் குடிக்காமல் எழுந்தீர்கள். நான் பாதி குடித்திருந்தேன். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

அந்த விடுதியை நம்பியிருந்த நம் தோழர்கள் மூலைக்கொருவராகச் சிதறினார்கள். தினமும் லிட்டில் இந்தியாவில் ரயில் இறங்கி நடந்து வந்தவர்கள், சாங்கிக்கும் துவாஸுக்கும் பேருந்து மாறி மாறிப் போனார்கள். சிலர் அந்த விடுதியை எடுத்துக்கொண்ட புதிய நிறுவனத்திலேயே சேர்ந்தார்கள். முதலாளி உங்களிடம் வேலையைத் தவிர வேறு பேசவில்லை. நாங்கள் பேசினோம், உங்கள் முதுகுக்குப் பின்னால், நிறையவே.

ஆனால் உங்கள் முகத்துக்கு நேராகப் பேசியவர் பூவம்மா ஒருவர்தான். மருத்துவ விடுப்பு முடிந்து திரும்பிய அன்று, அலுவலகத்தின் தேநீர் அறையில், நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது.

“எனக்காக செஞ்சேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிற. என்னை ஒரு வார்த்தை கேட்டியா பானு? இத்தனை வருஷம் துடைச்சேன், ஒரு ஆளு என் மூஞ்சியப் பாத்ததில்ல. காலைத் தூக்கிக்குவாங்க, அவ்வளவுதான். அந்த ஸ்ப்ரே கன்னைத் தோள்ல போட்டப்பத்தான் நான் ஒரு ஆளா தெரிஞ்சேன். அதையும் புடுங்கிட்ட.”

குழாயை மூடு வைதேகி என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தீர்கள். தொலைபேசி அடித்தும் எடுக்கவில்லை.

சில நாள் கழித்து நீங்கள் கொண்டுவந்த திட்டம்தான் எங்கள் துன்பங்களுக்கெல்லாம் சிகரம். இனி ஒப்பந்தம் போடும் அலுவலகங்களில் துப்புரவுப் பணி பகலில்தான் நடக்கும் என்றீர்கள். ஆள்கள் வேலை செய்யும்போதே, அவர்கள் மேசைக்கு அருகிலேயே. அதோடு விட்டீர்களா? முதல் நாள் நீங்களே உடன் சென்று, நம் ஊழியரை ஒவ்வொரு மேசையாக அழைத்துப்போய்ப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவீர்கள் என்றீர்கள். வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். இருவர் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வேறிடம் போனார்கள். ஷென்டன் வேயில் உள்ள ஒரு காப்புறுதி அலுவலகம் மட்டும், பழைய நிறுவனத்தோடு ஏற்பட்ட ஏதோ மனக்கசப்பில், அரைமனத்தோடு சம்மதித்தது. அங்கே பூவம்மாவை அனுப்பினீர்கள்.

முதல் நாள் நானும் வந்தேன். கணினித் திரையைவிட்டுக் கண்ணெடுக்காத அந்த மனிதர்கள் முன்னால், “இவங்க பூவம்மா. இந்த மாடி இவங்க பொறுப்பு. ஏதாவது வேணும்னா இவங்களைக் கேளுங்க,” என்று மேசை மேசையாக, ஆங்கிலத்திலும் மலாயிலும் தமிழிலும் சொல்லிக்கொண்டே போனீர்கள். எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம்போல் இருந்தது. பூவம்மா உங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. அன்று தொடங்கி, ஒரே அறையில் நீங்கள் இருவரும் நின்றாலும், ஒருவருக்கு வேண்டியதை மற்றவரிடம் சொல்லும் தூதராக நான் ஆனேன். துணி தீர்ந்துவிட்டது என்று அவர் என்னிடம் சொல்ல, நான் உங்களிடம் சொல்ல, எனக்கும் காது இருக்கிறது என்று நீங்கள் என்னிடம் சொல்ல, ஓராண்டுக்கும் மேலாக இப்படியே ஓடியது. இதற்கான பாராட்டு மடலை எனக்கு யாராவது எழுத வேண்டும்.

புகார்கள் குவிந்தன. கூட்டத்தின் நடுவே தூசு உறிஞ்சி சத்தம் போடுகிறது. விசைப்பலகையைத் துடைக்க வந்தவர் முழங்கையை எடுக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறார். மேசை காயும்வரை கோப்பு வைக்க விடவில்லை. எல்லாவற்றுக்கும் நானே மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் ஒன்றுக்குக்கூடக் கேட்கவில்லை. முழங்கையை எடுக்கச் சொல் என்றீர்கள்.

பிறகு ஒரு நாள் அந்த அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. வழக்கம்போல் மன்னிப்போடு தொடங்கினேன். பேசிய பெண் என்னை நிறுத்தி, பூவம்மா ஏன் வரவில்லை என்று கேட்டார். மாற்று ஆள் வந்திருப்பாரே என்றேன். வந்திருக்கிறார், வேலை நன்றாக இருக்கிறது, பூவம்மாவுக்கு என்ன ஆயிற்று, உடம்பு சரியில்லையா, மருத்துவமனையில் இருந்தால் எங்கே என்று சொல்லுங்கள் என்றார். மகன் வீட்டு விசேஷம், நாளை வந்துவிடுவார் என்றேன். பின்னால் யாரோ, அப்பாடா என்று சொன்னது கேட்டது.

தூசி, துர்நாற்றம், தண்ணீர்க் கசிவு என்று கேட்டு அழைத்தவர்கள் உண்டு. ஆளைக் கேட்டு இந்த நிறுவனத்துக்கு ஒருவரும் அழைத்ததில்லை. உங்களிடம் வந்து சொன்னேன். சரி, என்றீர்கள். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தீர்கள். அதை முடிக்கவே இல்லை.

மறுநாள் பூவம்மாவிடமும் சொன்னேன். அவர் நேராக உங்கள் அறைக்கு வந்தார். நான் வழக்கம்போல் நடுவில் நின்றேன். என்னை ஒதுக்கிவிட்டு, “எனக்கு இன்னும் கோவம் போகல,” என்றார்.

“இருக்கட்டும்,” என்றீர்கள்.

“கேட்டிருக்கணும்.”

“கேட்டிருக்கணும் பூவம்மா.”

அன்று மதியம் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டீர்கள். என்ன பேசினீர்கள் என்று தெரியாது. முதன்முறையாக என்னை யாரும் கூப்பிடவில்லை.

பெருமாட்டியே, இதை நீதிக்கதையாக முடிக்க எங்களுக்கும் ஆசைதான். ஆனால் அந்த விடுதி இன்றும் நிறைந்து வழிகிறது. மாலையில் பேருந்தில் கடக்கும்போது கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் புகை அடிப்பது தெரியும். உண்மையில் பார்க்க மிக அழகாக இருக்கிறது. வெண்முகில் போன்ற திட்டங்களை வேறு நிறுவனங்கள் விற்று வளர்கின்றன. நாம் வளர்ந்த அளவு சிறிது. பகல் பணிக்கு ஒத்துக்கொண்ட அலுவலகங்கள் மெதுவாகத்தான் சேர்ந்தன. உங்கள் பிடிவாதம் எங்களை உயர்த்தியதா, ஒடுக்கியதா என்று முதலாளி கேட்டால் இன்றும் எங்களிடம் ஒரே பதில் இல்லை. உங்களோடு வேலை செய்வது பெரிய பேறு என்று எழுதச் சொன்னார்கள். பெரிய பாடு என்று எழுதினால்தான் நீங்கள் நம்புவீர்கள்.

கடைசியாக ஒன்று. சென்ற வாரம், நீங்கள் கீழே துணி கொண்டுவந்தவரோடு தரத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, மேலே ஒரு புதிய வாடிக்கையாளர் வந்திருந்தார். பல மாடிக் கட்டடம், நீண்ட கால ஒப்பந்தம். மாதம் ஒரு முறை புகையடிக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. அடுத்த மாதம் முதல் உங்கள் இடத்தில் அமரப்போகிறவள் என்பதால் முதலாளி என் முகத்தைப் பார்த்தார். ஜெய்யும் பார்த்தார். எனக்கு அந்த ஒப்பந்தம் வேண்டும், அக்கா. புது மேலாளராக நல்ல பெயர் வாங்க வேண்டும். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

முடியாது என்று வந்தது. அதுவும் உங்கள் குரலிலேயே, அதே வெடுக்கென்ற தொனியில் வந்தது. ஏன் முடியாது என்று விளக்கவும் தொடங்கிவிட்டேன். வந்தவர் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போனார், இன்னும் சொல்லவில்லை. முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். என்னை இப்படி ஆக்கிவிட்டுப் போகிறீர்களே, இதற்காக உங்களை நான் லேசில் மன்னிக்கப்போவதில்லை.

நோய் நொடி அணுகாமல், மூட்டு வலி முடக்காமல், மக்களும் மருமக்களும் உங்கள் துப்புரவு விதிகளைத் தாங்கும் வலிமை பெற்று, நெடுநாள் நலத்தோடும் நிறைவோடும் நீங்கள் வாழ இறைவனை இறைஞ்சுகிறோம். அலுவலகத்துக்கு விருந்தினராக எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். மேசையைத் தடவிப் பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் நினைத்தோம்; தடவிப் பாருங்கள்.

என்றும் உங்கள் மீது அன்பும் ஆற்றாமையும் குறையாத,
வெண்சுடர் துப்புரவுச் சேவை ஊழியர்கள்,
ஜாலான் புசார், சிங்கப்பூர்